மருந்துக் குறிப்புச் செயலியில் கீபோர்டு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

"சார், கீபோர்டு செத்துப்போச்சு."

ஒரு கையில் டேப்லெட், மறு கையில் குட்டி புளூடூத் கீபோர்டு என்று வார்டு சிஸ்டர் யாராவது பார்மசி கவுண்டரில் வந்து நிற்பது எனக்குப் பழகிவிட்டது. உண்மையில் செத்துப்போன கீபோர்டு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் ஏதோ ஒரு கீ தெரியாமல் அழுந்திய கதை. அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

ஒரு கண்டிப்பு: நோயாளி படுக்கையில் காத்திருக்கும்போது இதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கீபோர்டை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, திரையில் விரலால் தேடி வேலையை முடியுங்கள். பழுது பார்ப்பது ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு.

## எல்லாவற்றுக்கும் முதலில்: ஒரு வரி அடித்துப் பாருங்கள்

மருந்துச் செயலியை (மருந்தின் டோஸ், எச்சரிக்கைகளைத் தேடிப் பார்க்கும் செயலி) மூடிவிட்டு, போனில் உள்ள நோட்ஸ் செயலியைத் திறந்து ஆங்கிலத்தில் 'அம்லோடிபின் 0.5' என்று அடியுங்கள். கடைசியில் ஷிஃப்டோடு 2ஐத் தட்டி ஒரு 'அட்' குறி (@) போடுங்கள். இந்த வரியை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அடிக்கடி மாறிப்போகிற எழுத்துகள், புள்ளி, குறி மூன்றும் இதில் இருக்கின்றன.

- ஒன்றுமே வரவில்லை என்றால், அடுத்த தலைப்பு.
- வருகிறது, ஆனால் கண்டபடி வருகிறது என்றால், அதற்கடுத்த தலைப்பு.
- அச்சாக அப்படியே வருகிறது என்றால் கீபோர்டு நல்லபடியாக இருக்கிறது. கோளாறு செயலியிலோ தேடும் முறையிலோ இருக்கிறது. 'ஷார்ட்கட் மட்டும் வேலை செய்யவில்லை' என்ற இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

## எந்தக் கீயும் வேலை செய்யவில்லை

முதலில் சுவிட்ச், பிறகு பேட்டரி. சிரிக்காதீர்கள். பாக்கெட்டில் போட்டு எடுக்கும்போது சுவிட்ச் நகர்ந்துவிடுகிறது. பேட்டரி போடும் வகை என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழசு என்று போட்டால் பழையபடி வந்து நிற்பீர்கள்.

அடுத்து, கீபோர்டு வேறு யாருடைய கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பல புளூடூத் கீபோர்டுகள் மூன்று கருவிகளை நினைவில் வைத்திருக்கும். 1, 2, 3 என்று குறி போட்ட கீயைத் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். ஒருமுறை நைட் டியூட்டியில் நாங்கள் அடித்ததெல்லாம் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்த டியூட்டி டாக்டரின் போனில் விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு வந்த செய்தியின் பதில் பெட்டியில் 'செஃப்ட்ரையாக்ஸோன்' என்று நின்றதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். சரியான எண் கீயைத் தட்டுங்கள்; பக்கத்துக் கருவிகளில் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள்.

அப்படியும் இல்லையென்றால், போனின் புளூடூத் பட்டியலில் அந்தக் கீபோர்டின் பெயரை 'மற' என்று நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். வெறுமனே துண்டித்து இணைப்பதும் இதுவும் ஒன்றில்லை. பாதிக்கு மேல் இங்கேயே சரியாகிவிடும்.

ஓடிஜி ஒயரில் (போனின் சார்ஜ் துளையில் கீபோர்டை இணைக்கும் ஒயர்) மாட்டிய கீபோர்டு பத்து நிமிஷம் சும்மா இருந்தால் செத்துவிடுகிறதா? ஓப்போ, விவோ, ரியல்மி போன்ற போன்களில் ஓடிஜி இணைப்புக்குத் தனி சுவிட்ச் செட்டிங்ஸில் இருக்கும். பத்து நிமிஷம் பயன்படுத்தாவிட்டால் அது தானாக அணைந்துகொள்ளும். கோளாறு இல்லை, மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதே கீபோர்டு வேறு போனிலும் பேசவில்லை என்றால் அதற்கு வைத்தியம் கிடையாது. புதிது வாங்குங்கள். ரிப்பேர் கூலி கீபோர்டு விலையைத் தாண்டும்.

## எழுத்து வருகிறது, ஆனால் வேறு எழுத்து

நடுநடுவே எண்கள் வருகின்றன. 'அம்லோடிபின்' அடித்தால் முதல் எழுத்து ஒழுங்காக வந்து, அடுத்து 0, 3, 6 என்று வரிசையாக வருகிறதா? எண் பலகையைப் போட்டு அணைக்கும் 'நம் லாக்' (Num Lock) கீ விழுந்திருக்கிறது. தனி எண் பலகை இல்லாத சில கீபோர்டுகளில் வலப்பக்க எழுத்துகளுக்கு எண் வேடமும் உண்டு: எம் 0 ஆகும், ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3 ஆகும், யு, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகும். எஃப்என் கீயோடு நம் லாக்கைத் தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

தமிழ் எழுத்து வருகிறது. 'அரதடு' என்று ஏதோ மந்திரம் போல வந்தால் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'அம்லோட்' வரைக்கும் அடித்தால் தமிழ்99இல் அதுதான் வரும். கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்து அழுந்தினால் மொழி மாறுவது ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் உண்டு. அதையே மறுபடி தட்டுங்கள். ஐபேடில் கேப்ஸ் லாக்கே மொழி மாற்றும்படி அமைக்கலாம். யாராவது அப்படி வைத்திருந்தால் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் கீபோர்டு பகுதிக்குப் போய் எடுத்துவிடுங்கள். வார்டு கருவியில் தமிழ் கீபோர்டு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நோயாளிக்கு அறிவுரைச் சீட்டு எழுத அது வேண்டும். ஆனால் மருந்து தேடும் முன் மொழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'அட்' குறிக்குப் பதில் மேற்கோள் குறி வருகிறது. இது தேடும்போது தெரியாது, லாகின் செய்யும்போதுதான் கழுத்தை அறுக்கும். மின்னஞ்சல் முகவரி தப்பாகப் போய், நான்கு முறை முயன்று கணக்கே பூட்டிக்கொண்ட பிறகு என்னிடம் வருவார்கள். காரணம், கீபோர்டு அமெரிக்க அமைப்பு, போனில் தேர்ந்தெடுத்திருப்பது பிரிட்டிஷ் அமைப்பு. அந்த இரண்டிலும் இந்த இரு குறிகளும் இடம் மாறியிருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'பிசிக்கல் கீபோர்டு' என்று தேடி, அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழுகிறது. எல்லா எழுத்தும் அப்படி என்றால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது புளூடூத் இரைச்சலில் தடுமாறுகிறது. புளூடூத், பழைய வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் நெருக்கியடிக்கின்றன. பேன்ட்ரி ஓரத்து மேசையை விட்டு நகர்ந்து அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு எழுத்து மட்டும் என்றால் அந்தக் கீயின் கீழே சானிட்டைசர் ஒட்டியிருக்கிறது. கையில் தடவிய ஈரத்தோடு தட்டுவதுதான் காரணம். கீபோர்டை அணைத்து, கவிழ்த்துத் தட்டி, துணியில் கொஞ்சமாக ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும். ஊற்றக் கூடாது. போகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மருந்துப் பெயரும் எண்ணும் அடிக்கிற கீபோர்டில் ஒரு கீ சந்தேகமாக இருப்பதை 'பரவாயில்லை' என்று விடக் கூடாது.

## எழுத்தெல்லாம் சரி, ஷார்ட்கட் மட்டும் வேலை செய்யவில்லை

செயலிக்கே அந்த ஷார்ட்கட் தெரியாது. பெரும்பாலும் இதுதான். மருந்துச் செயலிகள் விரலுக்காகச் செய்தவை. கம்ப்யூட்டரில் பழகிய, பக்கத்துக்குள் சொல் தேடும் கண்ட்ரோல்-எஃப்பை அதில் எதிர்பார்த்து ஏமாறுகிறோம். எதெல்லாம் வேலை செய்யும் என்று கருவியையே கேட்கலாம்: ஐபேடில் கமாண்ட் கீயைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அந்தச் செயலியின் பட்டியல் வரும். ஆண்ட்ராய்டில் விண்டோஸ் கீயோடு சாய்கோட்டைத் தட்டினால் வரும். பட்டியலில் இல்லை என்றால் இல்லைதான்.

எந்தச் செயலியிலும் நம்பக்கூடியவை கொஞ்சமே. எழுத்துப் பெட்டிக்குள் அனைத்தையும் தேர்ந்தெடுத்தல், நகல், ஒட்டல், செயல்நீக்கம் ஆகியவை கண்ட்ரோலோடு ஏ, சி, வி, இசட்; ஐபேடில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு டேப். ஆண்ட்ராய்டில் எஸ்கேப் கீ 'பேக்' வேலையைச் செய்யும். இது வசதிதான், ஆனால் டோஸ் கணக்கில் பாதி நிரப்பியிருக்கும்போது தட்டினால் எல்லாம் அழிந்துவிடும்.

ஐபேடில் டேப் நகரவில்லை. அக்ஸசிபிலிட்டி பகுதியில் கீபோர்டுகளுக்குள் 'ஃபுல் கீபோர்டு அக்ஸஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் திரையில் உள்ள பொத்தான்களுக்கும் டேப் போகும்.

கண்ட்ரோலுக்குப் பதில் வேறு கீ வேலை செய்கிறது. கீபோர்டு வேறு இயங்குதளத்துக்கு மாறியிருக்கிறது. லாஜிடெக் கே380இல் எஃப்என்னோடு ஓ மேக்குக்கும், ஐ ஐபேடுக்கும், பி விண்டோஸ்-ஆண்ட்ராய்டுக்கும். மூன்று நொடி பிடிக்க வேண்டும். மற்ற கீபோர்டுகளில் எந்தக் கீ என்பது அதன் முதுகிலோ டப்பாவிலோ அச்சிட்டிருக்கும்.

எழுத்தைத் தட்டினால் எழுத்து வராமல் திரை தாவுகிறது. கண்ட்ரோல் அழுந்தியபடியே நிற்கிறது. ஒருமுறை தட்டி விடுவியுங்கள். போகவில்லை என்றால் அக்ஸசிபிலிட்டியில் 'ஸ்டிக்கி கீஸ்' போட்டிருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள்.

## பெயரைச் சரியாக அடித்தும் 'கிடைக்கவில்லை' என்கிறது

நோட்ஸ் சோதனை தேறிவிட்டது என்றால், கீபோர்டைக் குறை சொல்லி லாபமில்லை. நீங்கள் திறந்திருப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் மருந்துத் தரவு. அவர்களுக்குப் பாராசிட்டமால் கிடையாது, அசிட்டமினோஃபென் உண்டு. சால்புடமால் அங்கே ஆல்புடெரால். அட்ரினலின் எபிநெஃப்ரின், கிளிபென்கிளமைடு கிளைபுரைடு, ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின், பெத்திடின் மெப்பெரிடின். சில செயலிகள் இரண்டு பெயரையும் ஏற்கும், சில ஏற்காது. நம் ஊர் பிராண்டு பெயர்களோ அதில் பெரும்பாலும் இருக்காது. அட்டையைத் திருப்பி மூலப்பெயரை (பிராண்டு பெயர் அல்ல, மருந்தின் சொந்தப் பெயர்) பார்த்து அடியுங்கள்.

பார்மசி கவுண்டர் கண்ணாடியில் இந்தப் பெயர்ச் சோடிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு கீபோர்டு 'சாவது' கண்கூடாகக் குறைந்தது.

## என்டர் தட்டினால் வேறு மருந்து திறக்கிறது

இந்தப் பட்டியலில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மற்றவை பெரும்பாலும் எரிச்சல். இது ஆபத்து.

முதல் காரணம், குறைவான எழுத்து. ஆங்கிலத்தில் 'ஹைட்ர்' வரைக்கும் நான்கு எழுத்து அடித்து என்டர் தட்டினால் அகரவரிசையில் முதலில் நிற்பது ஹைட்ராலசின், ரத்த அழுத்த மருந்து. உங்களுக்கு வேண்டியது அரிப்புக்கான ஹைட்ராக்சிசினாக இருக்கலாம். 'மெட்' என்ற மூன்று எழுத்துக்குள் மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல், மெட்டோப்ரொலால், மெத்தோட்ரெக்ஸேட் நான்கும் அடங்கும்.

2017 இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்ததை மருந்துத் துறையில் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெர்செட் என்ற, பதற்றம் தணிக்கும் மருந்துப் பிராண்டை எடுக்க, மருந்து அலமாரி இயந்திரத்தில் நர்ஸ் 'வி', 'இ' என்று இரண்டு எழுத்தை அடித்தார். இயந்திரமோ மூலப்பெயரில் தேடியது. வெர்செட்டின் மூலப்பெயர் மிடசோலம். பட்டியலில் முதலில் வந்தது வெக்குரோனியம், மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்யும் மருந்து. வேறு பல எச்சரிக்கைகளும் தவறிப்போக, நோயாளி இறந்தார்.

மருந்துப் பிழைகளைக் கவனிக்கும் ஐஎஸ்எம்பி என்ற அமெரிக்க அமைப்பு, அத்தகைய அலமாரிகளில் குறைந்தது முதல் ஐந்து எழுத்தாவது அடிக்கச் சொல்கிறது. கையடக்கச் செயலிக்கும் அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்தும் எல்லா இடத்திலும் போதாது. பிரெட்னிசோனும் பிரெட்னிசொலோனும் ஆங்கிலத்தில் முதல் எட்டு எழுத்துவரை ஒன்றே.

இரண்டாவது, பட்டியல் பின்தங்குகிறது. பழைய டேப்லெட்டில் வேகமாக அடித்தால், நீங்கள் ஏழாவது எழுத்தில் இருக்கும்போது திரை நான்காவது எழுத்தின் பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் என்டர் விழுந்தால் பழைய பட்டியலின் முதல் மருந்து திறக்கும். நிறுத்தி, பட்டியல் அசையாமல் நின்ற பிறகு கீழ்நோக்கு அம்பால் இறங்கித் தேர்ந்தெடுங்கள். அப்படியும் இழுக்கிறது என்றால், பின்னணியில் திறந்து கிடக்கும் செயலிகளை மூடி, கருவியை அணைத்துப் போடுங்கள். நினைவகம் நிரம்பியிருந்தால் வார்டு குரூப்பில் வந்து குவிந்த வீடியோக்களை அழியுங்கள்.

மூன்றாவது, தானே திருத்தும் புத்திசாலித்தனம். ஸ்பேஸ் தட்டியதும் மருந்துப் பெயரை ஏதோ ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடும். வெளிக் கீபோர்டுக்கும் தானியங்கித் திருத்தம் தனியாக இருக்கும், அதை அணையுங்கள். வார்டுக் கருவியில் இதற்கு வேலையே இல்லை.

இம்மூன்றும் இல்லாமல், முழுப்பெயரும் அடித்து, பட்டியலில் சரியானதைத் தேர்ந்தெடுத்தும் வேறு பக்கம் திறக்கிறது என்றால் அது செயலியின் கோளாறு. படம் பிடித்துக்கொண்டு, அந்தச் செயலியை அந்தக் கருவியில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, மருத்துவமனையின் மருந்துத் தகவல் பொறுப்பாளரிடமும் செயலி நிறுவனத்திடமும் சொல்லுங்கள். நீங்களாக நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்க வேண்டாம். என்ன நடந்தது என்பதற்கான தடயம் போய்விடும்.

## கண்ட்ரோல்-எஃப் 'பூஜ்யம்' காட்டுகிறது

குரோமில் மருந்துத் தளத்தைத் திறந்து, 'சிறுநீரகம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ஒன்றுமில்லை என்கிறது. கீழே போய்ப் பார்த்தால் தனிப் பகுதியே இருக்கிறது. காரணம், அந்தப் பகுதி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மடிப்புக்குள் இருப்பதைப் பல தளங்களில் கண்ட்ரோல்-எஃப் பார்க்காது. 'எல்லாவற்றையும் விரி' என்ற பொத்தான் இருந்தால் முதலில் அதைத் தட்டுங்கள். 'தேடினேன், எச்சரிக்கை எதுவும் இல்லை' என்று ஒருவர் சொன்னால், விரித்துத் தேடினாரா என்று கேளுங்கள்.

கண்ட்ரோல்-டபிள்யூவைத் தெரியாமல் தட்டிவிடாதீர்கள். அது தாவலையே மூடும்.

## டோஸ் கணக்கில் எண் தப்பாக வருகிறது

புள்ளி விழுந்ததா பாருங்கள். 0.5 என்று அடித்து 05 விழுந்தால் செயலி அதை 5 என்றே எடுத்துக்கொள்ளும், பத்து மடங்கு. எண்களை மேல் வரிசையிலும் புள்ளியை வலப்பக்க எண் பலகையிலும் அடிப்பவர்களுக்கு இது நடக்கும். நம் லாக் இல்லாதபோது அந்தப் புள்ளிக் கீ டெலிட்டாகிவிடும்.

அடுத்து அலகு. எடையை அடித்து டேப் தட்டியதும் அருகில் உள்ள அலகுப் பெட்டிக்குப் போகிறது. அங்கே தெரியாமல் ஒரு அம்புக்குறியைத் தட்டினால் கிலோ பவுண்டாகிவிடும். பத்து கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 வர வேண்டும். பவுண்டில் இருந்தால் 68 காட்டும். காய்ச்சல் இறங்கவில்லை என்று தாய் பதறும்போதுதான் தெரியும். அதனால் கணக்குப் பெட்டிகளில் மட்டும் நான் ஷார்ட்கட்டையே தொடுவதில்லை. விரலால் தட்டி, எண்ணையும் அலகையும் வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரைத் தலையாட்டச் சொல்கிறேன்.

## திரையில் வரும் கீபோர்டு காணாமல் போய்விட்டது

பார்கோடு ஸ்கேனர் இணைந்திருக்கிறதா? புளூடூத் ஸ்கேனர்கள் பல தங்களைக் கீபோர்டு என்றே போனிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். 'வெளிக் கீபோர்டு இருக்கிறதே' என்று போன் தன் கீபோர்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்கேனரை அணைத்தால் திரும்பி வரும். ஸ்கேனரும் வேண்டும், திரைக் கீபோர்டும் வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் பிசிக்கல் கீபோர்டு பகுதிக்குள் திரைக் கீபோர்டையும் காட்டச் சொல்லும் சுவிட்சைப் போடுங்கள். ஐபேடோடு பயன்படுத்தும் ஸ்கேனர்கள் சிலவற்றில் ட்ரிக்கரை இருமுறை தட்டினால் கீபோர்டு எழும்.

## நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடங்கள்

செட்டிங்ஸில் நான் சொன்ன இடம் மங்கலாக, தட்டினாலும் திறக்காமல் இருந்தால், மருத்துவமனையின் கணினிப் பிரிவு கருவியைப் பூட்டிவைத்திருக்கிறது. அதை உடைக்க வழி தேடாதீர்கள், அவர்களிடமே கொடுங்கள்.

மூன்று வெவ்வேறு கீபோர்டும் ஒரே டேப்லெட்டில் இணையவில்லை என்றால் கோளாறு டேப்லெட்டின் புளூடூத்தில். சார்ஜ் துளை ஆடுகிறது, ஓடிஜி தட்டினால் விடுகிறது என்பதும் சர்வீஸ் சென்டர் வேலை. குண்டூசியால் குத்திச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, ஒரு டேப்லெட்டை நானே ஒழித்திருக்கிறேன்.

பின்பக்கம் உப்பினாலோ, திரை ஓரம் எழும்பினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, ஆக்சிஜன் பக்கம் வைக்காமல் உடனே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தரவை எடுக்கிறேன் என்று இன்னொருமுறை சார்ஜில் போட வேண்டாம்.

கொடுக்கும்போது ஒரு சீட்டில் மூன்று வரி எழுதி முதுகில் ஒட்டுங்கள்: நோட்ஸில் என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, அதே கீபோர்டு வேறு போனில் என்ன செய்தது. 'கீபோர்டு வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி வந்தால் அவர்கள் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.